முந்தின வரி

கதவுக்கு முதுகைக் கொடுத்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார் அப்பா. யார் வெளியே போவதானாலும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். மாடி அறை, கம்பி போட்ட ஒரே ஜன்னல், அதற்கு எதிரே அடுத்த கட்டடத்தின் சுவர். ஞாயிற்றுக்கிழமை என்பதால் மற்ற பெஞ்சுகள் காலி. மகளுக்காக மட்டும் தனி வகுப்பு.

"நேரம் முடிஞ்சுது. பேப்பரைக் குடும்மா," என்றார் இங்கிலீஷ் மாஸ்டர்.

இருபது கேள்விகள், எல்லாம் ஒரே ரகம். 'ஆசிரியர் இந்த உதாரணத்தை ஏன் தருகிறார்?' கீழே நான்கு விடைகள். சரியானதற்கு டிக் போட வேண்டும். மாஸ்டரின் சிவப்புப் பேனா மேலிருந்து கீழே பெருக்கல் குறி போட்டுக்கொண்டே இறங்கியது. ஓரிடத்தில்கூட மூச்சு வாங்கவில்லை.

"எவ்வளவு?" அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டிப் பார்த்தார்.

"சைபர்."

"போன ஞாயிறும் சைபர், அதுக்கு முந்தின ஞாயிறும் சைபர்! கழுதை காலால டிக் போட்டாக்கூட இருபதுல அஞ்சு சரியா விழும், மாஸ்டர்!"

அவள் குனிந்த தலை நிமிராமல் பென்சிலின் முனையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை தேர்வு. இதே மாதிரி இருபது கேள்விகள். பாதியாவது சரியாக இருந்தால் தேர்ச்சி. தேறினால்தான் விசா, விசா வந்தால்தான் வெளிநாட்டு மாப்பிள்ளையோடு கல்யாணம். தேறாவிட்டால் வேறு பெண்ணைப் பார்த்துக்கொள்வோம் என்று மாப்பிள்ளை வீட்டில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அதனால் நான்கு மாதமாக வீட்டில் நெருக்கடி நிலை. அவள் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விடவைத்தார் அப்பா. போனை வாங்கிப் பீரோவில் பூட்டினார். தோழிகளை வாசலோடு திருப்பி அனுப்பினார். எல்லாம் பெண் படிக்கட்டும் என்பதற்காகத்தான் என்று ஊரெல்லாம் சொன்னார்.

"உதாரணத்தைப் பார்த்து மயங்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?" மாஸ்டர் பேப்பரைத் தட்டினார். "அதுக்கு முந்தின வரியைப் பாரு. ஆசிரியர் சொல்ல வந்தது அங்கதான் இருக்கும். அதை நம்மளை நம்ப வைக்கத்தான் உதாரணம்."

ஏழாவது கேள்வியைக் காட்டினார். 'பெரிய இடம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்வதில்லை' என்று ஒரு வரி. அடுத்து, தொட்டியில் செழித்திருந்த ரோஜாச் செடியொன்று தோட்டத்துக்கு மாற்றி நட்டதும் வாடிப்போன கதை. இந்த உதாரணம் எதற்கு என்று கேட்டால், 'ரோஜா அழகான பூ என்று காட்டுவதற்காக' என்பதற்கு டிக் போட்டு வைத்திருந்தாள்.

மாஸ்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். 'இங்கே படித்தவர் எவரும் தோற்றதில்லை' என்று வாசலில் ஆள் உயரத்துக்குப் போர்டு மாட்டியிருப்பவர் அவர். பதினோரு வருடமாக அந்த வாசகத்துக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை. இப்போது இந்தப் பெண் அதில் கரியைப் பூசிவிடுவாள் போலிருந்தது.

"என் மானமே இவ கையிலதான் இருக்கு, மாஸ்டர்," என்றார் அப்பா. "உதாரணத்துக்கு, என் தம்பி பொண்ணையே எடுத்துக்குங்க. ஒரே தடவையில பாஸ். இன்னைக்கு அங்க சொந்த வீடு, வாசல்ல ரெண்டு காரு!"

மாஸ்டருக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது. "இதையே பாடமா வெச்சுக்குவோம். அப்பா இந்த உதாரணத்தை எதுக்குச் சொன்னாரு? தம்பி பொண்ணு கெட்டிக்காரின்னு காட்டவா? அங்க போனா நீயும் வசதியா இருப்பேன்னு சொல்லவா?"

"ரெண்டும் இல்ல, சார்." அன்றைக்கு முதல் தடவையாக நிமிர்ந்தாள். "முந்தின வரி. அவரோட மானம்."

அப்பாவின் முகம் கறுத்துவிட்டது.

"பாத்தீங்களா? வாய் மட்டும் காது வரைக்கும் நீளுது. பேப்பர்ல எழுதச் சொன்னா ஒண்ணுத்தையும் காணோம்!"

மாஸ்டர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு டிராயரைத் திறந்து, பழைய பேப்பர்கள் இரண்டையும் எடுத்து இன்றையதோடு சேர்த்து வைத்து, விரலால் ஒவ்வொரு கேள்வியாகத் தொட்டுக்கொண்டே வந்தார். அறுபது கேள்வி, அறுபது பெருக்கல் குறி.

அப்பாவின் போன் அடித்தது. "சம்பந்தி கூப்பிடறாரு!" என்று பதறி எழுந்தார். கல்யாணம் இன்னும் ஆகவில்லை, சம்பந்தி மட்டும் ஆகிவிட்டார். நாற்காலியைத் தள்ளி, கதவைப் பாதி திறந்து, ஒரு காலை அறைக்குள்ளேயே ஊன்றிக்கொண்டு பேசினார்.

"கவலையே படாதீங்க சம்பந்தி! மாஸ்டரே கேரண்டி குடுத்துட்டாரு!"

மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "உன் போனை அப்பா எப்பம்மா வாங்கி வெச்சாரு?"

அவள் கதவிடுக்கில் தெரிந்த செருப்புக் காலைப் பார்த்தாள். "இந்த மாப்பிள்ளை வேண்டாம்னு நான் சொன்ன அன்னைக்கு, சார்." கண்ணில் தண்ணீர் முட்டியது.

மாஸ்டர் மூன்று பேப்பர்களையும் நான்காக மடித்துத் தன் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். வாசலில் தொங்கும் போர்டு ஒரு நிமிடம் அவர் மனசுக்குள் வந்து போயிருக்க வேண்டும். பெருமூச்சு ஒன்று வந்தது. அப்புறம் அவள் பக்கம் குனிந்தார்.

"வியாழக்கிழமை அஞ்சை மட்டும் சரியாப் போட்டுடும்மா. சைபர் வாங்கினா, இருபதும் உனக்குத் தெரியும்னு கண்டுபிடிச்சிடுவாங்க."