தலைமைக் கணினி

எறும்புப் புற்றைப் பார்த்துத்தான் அபிராமி அலுவலகத்துக் கணினிகளை இணைத்திருந்தாள். ஒன்று நின்றுபோனால் பக்கத்தில் இருப்பவை அதன் வேலையைப் பங்குபோட்டுக்கொள்ளும்.

"எல்லாம் சரிம்மா, இதுல தலைமை எது?" என்றார் இயக்குநர் பொன்னம்பலம்.

"அப்படி எதுவும் கிடையாது சார்."

"அப்போ தப்பு நடந்தா நான் யாரைக் கேக்கறது?"

பதில் சொல்லி மாளாமல், ஓரத்தில் இருந்த ஒன்றைக் கைகாட்டினாள்.

ஆயுத பூஜை அன்று மற்றவற்றுக்கு ஒரு பொட்டோடு சரி. இதற்கு மட்டும், காற்றுத் துளைகள் மூடும்படி சந்தனத்தை அப்பினார் பொன்னம்பலம். சாயங்காலத்துக்குள் அது சூடேறி நின்றுபோனது. மற்றவை ஓசைப்படாமல் அதன் வேலையை எடுத்துக்கொண்டன.

மறுநாள் அதைத் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்றிருந்தது.

"பொறுப்பு குடுத்ததும் எவ்வளவு அமைதியா வேலை பாக்குது பாத்தியாம்மா? மத்ததுங்களையும் இதைப் பாத்துக் கத்துக்கச் சொல்லு."