புதுப் பூச்சி

"இந்தப் பூச்சி புதுசுண்ணே. உலகத்துல வேற எங்கயும் கிடைச்சதில்ல. உங்க தோட்டத்துல மட்டும்தான் இருக்கு."

போன வருஷம், ஓடைப்பட்டியில் வேல்பாண்டியின் திராட்சைப் பந்தலுக்கடியில் லென்சோடு குனிந்திருந்த ஆராய்ச்சிக்காரி நாகஜோதி இப்படிச் சொன்னதும் அவன் பயந்துபோனான். எறும்பு மாதிரி நீளமாக, வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியது அந்த வண்டு. புதுப் புழு ஒன்று வந்து ஊர் மக்காச்சோளக் காட்டையே மொட்டையடித்ததைப் பார்த்தவன் அவன்.

"மூச்சு விடாத. தெரிஞ்சா நம்ம பழத்த ஒருத்தரும் எடுக்க மாட்டாக" என்று பெண்டாட்டியை மட்டும் எச்சரித்து வைத்தான்.

இன்று நாகஜோதி ஒரு காகிதத்தோடு வந்து இறங்கினாள். பழம் விற்கக் கூடாதென்ற அரசாங்க நோட்டீஸேதான் என்று நினைத்தான்.

"கட்டுரை வந்துருச்சுண்ணே. வண்டுக்குப் பேரு வச்சாச்சு. படிங்க."

ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டினான். "வேல்... பாண்டி... இது என் பேருல்ல?"

"உங்க பேருதான். உலகம் இருக்கிற வரைக்கும் அதுக்கு அதான் பேரு. பாவம்ணே அது, திராட்சையத் தொடாது. பயிரைக் கெடுக்கிற பூச்சியோட முட்டையத்தான் தின்னும்."

வேல்பாண்டி காகிதத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"வாங்கண்ணே, உயிரோட நாலு பிடிச்சுக்கிறேன். இன்னும் நிறையப் பார்க்கணும்."

"இல்ல தாயி... நீங்க அன்னைக்கு பஸ் ஏறின கையோட மருந்தடிக்க ஆரம்பிச்சேன். ஒண்ணுகூட கண்ணுல படாமப் போனப்பறந்தான் நிறுத்துனேன்."