ஒண்ணு விடாம தேய்ச்சாச்சு

பூதக்கண்ணாடியோடு அந்த அம்மாள் முதல் பாறையின் முன்னால் குனிந்ததுமே பூங்கா அதிகாரி தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"தலைமை ஆபீஸ் ஆளு இவங்கதான்யா. பழைய புடவை, தேஞ்ச செருப்பு... என் கண்ணுலயா மண்ணைத் தூவ முடியும்?"

"டிக்கெட் வாங்கிட்டு வந்தாங்களே சார்?" என்றார் காவலாளி.

"அதுதான்யா நடிப்பு!"

சுத்தமான பூங்காவுக்கு விருது தரத் தலைமை ஆபீஸிலிருந்து யாரோ ரகசியமாக வரப்போவதாகக் கொஞ்ச நாளாகவே பேச்சு.

குடை வந்தது. நாற்காலி வந்தது. அம்மாள் இரண்டையும் கவனிக்கவில்லை. காளானாகவும் தூணாகவும் அரித்துப்போய் நின்ற மணற்பாறைகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே நகர்ந்தார். எந்தப் பாறையையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இடுப்பு உயரத்தோடு சரி.

"கோடி வருஷமா காத்தும் மழையும் தேய்ச்சது மேடம் இதெல்லாம்," என்றார் அதிகாரி.

"மிச்சத்தை நாங்க தேய்ச்சோம்," என்றார் காவலாளி. அதிகாரி அவர் காலை மிதித்தார்.

"அதாவது மேடம், நான் வர்றதுக்கு முன்னாடி கண்ட கழுதையும் கிறுக்கி வச்சிருந்துச்சு. பேரு, அம்புக்குறி, இதயம்... கம்பி பிரஷ் போட்டு ஒண்ணு விடாம தேய்ச்சாச்சு!"

அம்மாள் நின்றுவிட்டார். "ஒண்ணு விடாமயா? எதுன்னு ஞாபகமில்ல, குடை மாதிரி ஒரு பாறைல, பின்பக்கம், கோணல்மாணலா நாலு எழுத்து... அதுவுமா?"

தலைமை ஆபீஸுக்குத்தான் எவ்வளவு நுணுக்கமான தகவல்! அதிகாரி பூரித்துப்போனார்.

"அதைத்தான் மேடம் முதல்ல காலி பண்ணினேன். ஆழமாக் கீறியிருந்தான் படுபாவி. ஆளுங்களை நம்பாம என் கையாலயே சுரண்டினேன்!"

அம்மாள் அவர் கைகாட்டிய குடைப்பாறையின் பின்பக்கம் போனார். வெளுத்துக் கிடந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார். மணல் பொலபொலவென்று உதிர்ந்து விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டது. அதைத் தட்டிவிடாமல் கையை மூடிக்கொண்டு, அவ்வளவு நேரம் பின்னாலேயே வந்துகொண்டிருந்த நாற்காலியில் இப்போதுதான் உட்கார்ந்தார்.

அதிகாரிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "விருது நமக்குத்தானே மேடம்?"

அம்மாள் மூடிய கையைப் பார்த்தபடி சொன்னார்:

"என் பையன் செத்ததுக்கப்புறம், அவன் கையெழுத்துன்னு இருந்தது அது ஒண்ணுதான் சார்."