மோப்பம் போன மீன்கள்

மந்தின் ஊரில், துணி வெளுக்கும் டோபிக் கடை வாசலில் வாளியோடு வந்து நின்றாள் புஷ்பவள்ளி. வாளிக்குள் தோட்டத்துப் பெண்கள் குளத்தில் வளர்க்கும் திலாப்பியா மீன்கள்.

"முதலாளி, தீனி போட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டேங்குதுங்க. நீங்க துணிக்கு ஊத்துற வாசனை மருந்து ஓடையில கலந்து எங்க குளத்துக்கு வந்து, மீனுக்கு மோப்பமே போச்சு."

"வாசனை இல்லாட்டி எவன்லா துணி கொடுப்பான்? வியாபாரத்தைக் கெடுக்காதீங்க, போங்க!" என்றான் தர்மேந்திரன்.

"நாங்க கொடுக்கிறோம்!" என்றார்கள், துணி மூட்டைகளோடு அவள் பின்னால் நின்ற பெண்கள். "வாசனை போட்டா இந்தக் கடைப் பக்கமே வரமாட்டோம்."

புஷ்பவள்ளி வாளியில் தீனியைத் தூவினாள். மூக்குக்கு நேரே மிதந்தும் ஒரு மீன்கூட அசையவில்லை. தர்மேந்திரன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். வாசனை மருந்துக் கேன்களை அன்றே கடையைவிட்டு அப்புறப்படுத்தினான்.

சில வாரங்களில், குளத்தில் தீனி விழுந்ததும் தண்ணீர் கொதிப்பதுபோல் மீன்கள் பாய்ந்து வந்தன. பெண்கள் கைதட்டி ஆர்ப்பரித்தார்கள். புஷ்பவள்ளிக்குக் கண் கலங்கிவிட்டது.

கரையில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. தர்மேந்திரன் தயங்கித் தயங்கி அவளிடம் வந்தான்.

"நீதான் ஜெயிச்ச, ஒத்துக்கிறேன். இப்பவாச்சும் உங்கம்மா வீட்டை விட்டு நம்ம வீட்டுக்கு வா புள்ள."