கண்ணாடியில் ஒட்டிய படம்

வெள்ளத்தில் நனைந்த குழந்தைப் படம், சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது.

"தண்ணியில ஊறப்போட்டுப் பிரிச்சா முகம் தப்பிச்சிடும். பின்னாடி எழுதியிருக்கிற மைதான் கரைஞ்சிடும்," என்றார் ஸ்டுடியோக்காரர்.

"அப்ப ஊறப்போடாதீங்க. முகம் போனாலும் பரவாயில்ல," என்றாள் படத்தைக் கொண்டுவந்த பெண்.

பெற்ற மனசு இப்படியும் கல்லாகுமா என்று அவருக்குச் சுருக்கென்றது. "உங்க குழந்தைதானேம்மா?"

"நான்தாங்க அது. என் மூஞ்சியத்தான் தினமும் பாக்குறேனே. பின்னாடி எழுதினது எங்கம்மா. எனக்கு ஒரு வயசு ஆகுறதுக்குள்ள போயிட்டாங்க. அவங்க எனக்குன்னு எழுதினது இது ஒண்ணுதான்."

அவர் தண்ணீர்த் தட்டைத் தள்ளி வைத்தார்.

"பிரிக்கவே வேண்டாம்மா. முகத்தைக் கண்ணாடியோடயே படம் புடிச்சுடலாம். பின்பக்கத்தைப் பக்குவமா காயவெச்சுத் தர்றேன். ஒரு எழுத்து போகாது."

அதுவரை நின்றுகொண்டே இருந்தவள், நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.