நாலு விரக்கடை

மலையாண்டி மேசையில் வைத்தது ஒரு பெரிய சதுரத் தகர டின். மூடியைத் திறந்ததும் எள்ளும் ஓமமும் மணத்தன. விளிம்பு வரை முறுக்கு.

"சாப்பிடுங்க தம்பி. எங்க வீட்டம்மா சுட்டது."

பீமாராவுக்குக் கூச்சமாக இருந்தது. காளவாசலில் கடை போட்டு ஆறு வருடமாகிறது. கம்ப்யூட்டர் வாங்க வந்த யாரும் பலகாரத்தோடு வந்ததில்லை. ஒன்றை எடுத்துக் கடித்தான்.

மலையாண்டி மீதி முறுக்கை ஒரு செய்தித்தாளில் கொட்டினார். காலி டின்னை அவன் பக்கம் நகர்த்தினார்.

"கம்ப்யூட்டர் இதுக்குள்ள போகணும்."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். கல்லூரியில் படிக்கும் மகளுக்குச் சின்னதாக ஒன்று வேண்டும் என்று மட்டுமே முந்தின நாள் கொட்டாம்பட்டியிலிருந்து போனில் சொல்லியிருந்தார்.

இப்போது முழுவதும் சொன்னார். மகள் நாகஜோதி கட்டடக்கலை கடைசி வருடம். அடுத்த மாதம் வரைபடங்களை முடித்துக் கொடுக்க வேண்டும். போன தடவை முடிக்கவில்லை. இந்தத் தடவையும் தவறினால் ஒரு வருடம் போய்விடும். கல்லூரி லேபை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுகிறார்கள். விடுதி அறையில் கம்ப்யூட்டரே கூடாது என்பது வார்டன் போட்ட சட்டம்.

"லேப்டாப்னா மெத்தைக்குக் கீழ வச்சுக்கலாமேண்ணே."

"அங்கதான் இருந்துச்சு. இப்ப வார்டன் பீரோவுல இருக்கு."

தினமும் சாயங்காலம் சோதனை நடக்குமாம். தலையணை உறையைக் கழற்றிப் பார்ப்பார்களாம். ஊறுகாய் பாட்டிலைக்கூடத் திறந்து மோந்து பார்ப்பார்களாம். யார் பிள்ளை என்றாலும் விதிவிலக்கு கிடையாது.

பீமாராவுக்குப் பாவமாக இருந்தது.

"உங்க வீட்டம்மாவ விட்டு அந்த வார்டன்கிட்டப் பேசச் சொல்லுங்கண்ணே. ஒரு தாய் கேட்டா மனசு எறங்காதா?"

மலையாண்டி குனிந்து செய்தித்தாளில் சிதறிக் கிடந்த முறுக்கை ஒழுங்காக அடுக்கினார்.

அவன் எடுத்து வைத்திருந்த கேபினட் டின்னுக்குள் நுழையவில்லை. ஒரு சாணுக்குள் அடங்கும் மதர்போர்டுக்கு மாறினான். தனி கிராபிக்ஸ் கார்டுக்கு இடமில்லை. அந்த வேலையையும் சேர்த்துச் செய்யும் பிராசசரைப் போட்டான். பவர் சப்ளைக்குப் பதிலாக வெளியே ஒரு அடாப்டர். ஃபேன் தட்டையானது. மெல்லிய ஸ்கிரீன் ஒன்றையும் எடுத்து வைத்தான். அது மகளின் வரைபலகை உறைக்குள் போய்விடும் என்றார் மலையாண்டி.

எல்லாவற்றையும் பொருத்திய சின்னப் பெட்டியை டின்னுக்குள் இறக்கியபோது அவர் எட்டிப் பார்த்து, விரல்களைப் படுக்கவைத்து அளந்தார்.

"மேல நாலு விரக்கடை எடம் விடுங்க. ஒரு வரிசை முறுக்கு வைக்கணும்."

"எண்ணெய் எறங்குனா போர்டு போயிரும்ணே."

நடுவில் தட்டு வைத்துவிடுவதாகச் சொன்னார். வெளியே எடுத்துத்தான் ஓட்ட வேண்டும், டின்னுக்குள் வைத்து ஓட்டினால் சூட்டில் கருகிவிடும் என்று பீமாராவ் இரண்டு தடவை எச்சரித்தான். அவர் இரண்டு தடவையும் தலையாட்டினார்.

கடைக்குப் பின்னாலிருந்து ஒரு பழைய எவர்சில்வர் தட்டு வந்தது. அதன்மேல் முறுக்கு ஒரு வரிசை ஏறியது. மூடி சிக்கென்று உட்கார்ந்தது. மலையாண்டி டின்னைக் காதருகே தூக்கி ஆட்டிப் பார்த்தார். முறுக்கு மட்டும் சலசலத்தது. வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார்.

பீமாராவுக்கு மட்டும் இன்னும் ஒப்பவில்லை. செய்தித்தாளில் மிச்சமிருந்ததில் இன்னொரு முறுக்கை எடுத்துக்கொண்டான்.

"ஊறுகாய் பாட்டிலையே விடாதவங்க, இம்புட்டுப் பெரிய டின்னை விட்டுருவாங்களாண்ணே?"

"இதை மட்டும் தொறக்க மாட்டாங்க."

"எப்படி அம்புட்டு உறுதியாச் சொல்றீங்க?"

மலையாண்டி டின்னைத் துண்டில் வைத்துக் கட்டினார். முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

"சுட்டு அடைச்சதே வார்டன்தான், தம்பி."