கறுப்புப் பட்டியலில் ஒரு விலாசம்

"நான் அனுப்புற மெயிலெல்லாம் திரும்பித் திரும்பி வருதுங்க சேர். என்ன குத்தம் பண்ணுனேன்னே தெரியல."

நனைந்த குடையோடு மேசைக்கு முன்னால் நின்ற அந்த அம்மாவைப் பார்த்ததுமே கோகுலராஜுக்கு அலுப்புத் தட்டியது. காலையிலிருந்து கொழும்பு ஹெட் ஆபீஸ் அவரைப் போட்டு வறுத்து எடுத்துக்கொண்டிருந்தது.

ஹட்டனில் தேயிலை பொதிசெய்யும் கம்பெனி அது. மனேஜராக வந்து அவருக்கு ஒரு வருஷந்தான். ஆறு கிளார்க் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், பாதி தோட்டத்துப் பிள்ளைகளாக இருக்கவேண்டும் என்று கொழும்பு உத்தரவு. இன்று நாலு மணியோடு கடைசி. வந்திருப்பது ஒன்பது விண்ணப்பம், ஒன்றுகூட தோட்டத்திலிருந்து இல்லை.

"அவங்களுக்கு அக்கறை இல்லை, நான் என்ன செய்றது?" என்று காலையில் கொழும்புக்கு அவரே சொல்லியிருந்தார்.

"யாரும்மா நீங்க?"

"அன்னம்மாங்க. பொகவந்தலாவைப் பக்கம். தோட்டத்துப் பிள்ளைக்காம்பரால இருக்கேன். கொழுந்தெடுக்கப் போறவங்க கைக்கொழந்தைய எங்கிட்டதான் விட்டுட்டுப் போவாங்க." போனை நீட்டினாள். "நம்ம புள்ளைங்க இருபத்திமூணு பேரோட விண்ணப்பம் சேர். எல்லாம் திரும்பி வந்திருச்சு."

கோகுலராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் பிரிவுக்குப் பொறுப்பான தரணிதரனைக் கூப்பிட்டார்.

அவன் வந்தான். அந்த அம்மாவைப் பார்க்கவில்லை, போனை மட்டும் பார்த்தான்.

"இந்த விலாசம் கறுப்புப் பட்டியல்ல இருக்கு சேர். நம்ம சேர்வர் வாசல்லயே திருப்பி அனுப்பிரும்."

"ஏன்?"

"ஒரே விலாசத்துல இருந்து இருபத்திமூணு பேருக்கு விண்ணப்பம் வந்தா ஸ்பாம் இல்லாம வேற என்ன சேர்? ஏஜன்சி வேலை. லாட்டரி விழுந்திருக்கு, லோன் தர்றோம்னு ஒரு நாளைக்கு நானூறு குப்பை வருது. இப்பிடி ஆளுங்களத் தடுக்கத்தானே பட்டியலே வச்சிருக்கோம்?"

நியாயமாகத்தான் பட்டது. கோகுலராஜ் அன்னம்மாவைப் பார்த்தார்.

"ஆளுக்கொரு ஈமெயில் வச்சுக்க வேண்டியதுதானேம்மா?"

"வச்சிருக்காங்க சேர். பாஸ்வேர்ட்ட மறந்துருவாங்க, போன மாத்துவாங்க, கொழும்புல கடையில நிக்கிற புள்ளைக்கு அதைத் தொறந்து பாக்க ஏது நேரம்? சரி, கடுதாசிலயாவது வரட்டும்னா நம்ம லயத்து வீடுகளுக்குன்னு தனி விலாசம் ஏது? தோட்டத்து ஆபீஸுல கெடந்து, இன்டர்வியூ முடிஞ்ச பெறகுதான் கைக்கு வரும். அதான் எல்லாருக்கும் என் விலாசத்தையே போடச் சொல்லிட்டேன். பதில் வந்தா லயத்துக்கு ஓடிப்போயி நானே சொல்லிருவேன்."

"எனக்குத் தோட்டத்து விஷயமெல்லாம் தெரியாது சேர்" என்றான் தரணிதரன். "நான் டவுன்காரன்."

"ஆமாங்க, சேருக்கு எப்பிடித் தெரியும்" என்றாள் அன்னம்மா அவசரமாக.

"இதுக்கு முன்ன நம்ம கம்பெனிக்கு யாருக்காகவாச்சும் விண்ணப்பம் அனுப்பியிருக்கீங்களா?" என்று கேட்டார் கோகுலராஜ்.

"ஒரே ஒரு தடவ சேர்."

"வேலை கெடைச்சிச்சா?"

அன்னம்மா குடையிலிருந்து தரையில் சொட்டிய தண்ணீரைச் சேலை முந்தானையால் துடைக்கக் குனிந்தாள்.

"தெரியலீங்க சேர். ஏதோ நல்லா இருந்தாச் சரி."

மணி மூன்றரை. கோகுலராஜ் எழுந்தார். "தரணி, அந்த விலாசத்தப் பட்டியல்ல இருந்து எடுங்க."

"சேர், ஒரு தடவ தொறந்துவிட்டா அப்புறம்..."

"அடடா, நீங்க தள்ளுங்க, நானே எடுக்கிறேன்!"

அவனுடைய நாற்காலியில் போய் உட்கார்ந்து பட்டியலைத் திறந்தார். ஆயிரக்கணக்கான விலாசங்கள். அன்னம்மாவுடையதைத் தேடிப் பிடித்தபோது பக்கத்தில் சேர்த்தவர் பெயரும் தேதியும் இருந்தன. தரணிதரன். மூன்று வருஷத்துக்கு முந்திய தேதி.

"இந்த அம்மா இந்த மாசந்தானே மொத்தமா அனுப்பியிருக்காங்க. மூணு வருஷத்துக்கு முன்னயே எப்பிடித் தடை விழுந்திச்சு?"

"பழைய விஷயம் சேர். ஞாபகம் இல்ல" என்றான் தரணிதரன், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

கோகுலராஜுக்கு அதை நோண்ட நேரமில்லை. விலாசத்தை எடுத்துவிட்டார். "இப்ப அனுப்புங்கம்மா, சீக்கிரம்!"

அன்னம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாய் அனுப்பினாள். திரையில் விண்ணப்பங்கள் விழ ஆரம்பித்தன. நிலக்ஷி வந்தாள். திலக்ஷன் வந்தான். நடுவில் சிக்னல் போய், ஐயோ சாமி என்று போனைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினாள். நாலு மணிக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது இருபத்திமூன்றும் வந்து சேர்ந்தன.

"பஸ்ஸ விட்டா அடுத்தது எப்ப வருமோ, நான் கெளம்புறேன். ரொம்ப நன்றிங்க சேர்." கும்பிட்டாள். பிறகு தரணிதரன் பக்கம் திரும்பினாள். "போயிட்டு வாறேங்க சேர். ஒங்களுக்கும் நன்றிங்க."

அவன் தலையை ஆட்டினான். அவள் படியிறங்கியதும் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி அவனும் நழுவினான்.

கோகுலராஜ் அன்னம்மாவின் விலாசத்தைப் போட்டுத் தேடி, வந்தவற்றை எண்ணிப் பார்த்தார். ஒன்று கூடுதலாக இருந்தது. இருபத்திமூன்றுக்கும் கீழே அதே விலாசத்திலிருந்து பழைய மெயில் ஒன்று. தடை போடுவதற்கு இரண்டு மாதம் முந்தியது.

'ஐயா, இது எங்க பிள்ளைக்காம்பரால நான் தூக்கி வளத்த புள்ள. தாய் தகப்பன் இல்ல. கம்ப்யூட்டர் நல்லாத் தெரியும். எப்பிடியாவது ஒரு வேலை போட்டுக் குடுங்க.'

அடியில் விண்ணப்பதாரரின் பெயர் இருந்தது. தரணிதரன்.

கோகுலராஜ் எழுந்து ஜன்னலுக்கு ஓடினார். பஸ் போய்விட்டது. இவ்வளவு நேரம் இங்கே நின்றவள், அந்தப் பாவியை ஒரு தடவைகூட பேர் சொல்லிக் கூப்பிடாமல், 'சேர்' என்றே சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்!